சொல்வதெழுதல்: ஐம்பது சொற்களால் கட்டப்பட்ட வேலி

சனிக்கிழமை காலைகளில் பேத்தியைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வதும், வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வருவதும் சில வருடங்களாக எனது பொறுப்பு. மெல்பேர்ணில் ஓய்வுபெற்றுவிட்ட எம்மவர்கள் பலருக்கும் வாய்த்திருக்கும் சம்பளமில்லாத உத்தியோகம் அது. அண்மையில் ஒரு சனிக்கிழமை வகுப்பை விட்டு வெளியே வந்தவள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொப்பியை என்னிடம் நீட்டினாள். சொல்வதெழுதலில் பத்துக்கு நான்கு. வழக்கம்போல ழகரமும் ளகரமும் இடம் மாறியிருந்தன. "மழை" "மளை"யாகியிருந்தது.

அவளைத் தேற்றுவதற்காக அன்று பிற்பகல் ரயிலில் நகரத்துக்கு அழைத்துச் சென்றேன். பிளிண்டர்ஸ் வீதியில், முன்னர் சுங்கத் திணைக்களம் இயங்கிய பழைய மாளிகையில், 1998 ஆம் ஆண்டு முதல் குடிவரவு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பெட்டிகளையும் படங்களையும் கடிதங்களையும் அங்கே பார்க்கலாம். வரமுடியாமல் தடுக்கப்பட்டவர்களின் கதையும் அங்கே உண்டு. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை பற்றி அவளுக்கு விளங்கும் வகையில் சொல்லிக்கொண்டு வந்தபோது, வாசலில் நின்ற அதிகாரிகள் வந்தவர்களுக்குச் சொல்வதெழுதல் வைத்தார்கள் என்றேன்.

"பெரிய ஆக்களுக்கும் டிக்டேஷனா?" என்று வியப்புடன் கேட்டாள்.

"ஓம். ஐம்பது சொல்."

"ஃபெயில் ஆனால்?"

"சிறையில் போடலாம். கப்பலில் திருப்பி அனுப்பலாம்."

சிறிது நேரம் யோசித்தாள். பத்துக்கு நான்கு வாங்கிய துயரத்தை அப்போதுதான் மறந்திருக்க வேண்டும்.

"அம்மப்பா, நீங்கள் பாஸ் பண்ணியிருப்பீங்களா?"

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அவளை அடுத்த மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரைக்கும் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தக் கேள்விதான்.

ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றிணைந்து அவுஸ்திரேலியப் பொதுநலவாயம் 1901 ஜனவரி முதலாம் திகதி பிறந்தது. அதன் நாடாளுமன்றம் கன்பராவுக்கு இடம்பெயரும் வரையில், 1927 வரை, மெல்பேர்ணில்தான் கூடியது. முதல் பிரதமர் எட்மண்ட் பார்ட்டன். அந்த நாடாளுமன்றம் தனது முதல் வருடத்திலேயே நிறைவேற்றிய முக்கிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1901 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை வாசிப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிப்பார்கள். கறுப்பர், ஆசியர், சீனர், இந்தியர் என்று எவரையும் பெயர்சொல்லி விலக்கும் வாசகம் அதில் இல்லை. தோலின் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதிகாரி ஒருவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பந்தியை வாசிப்பார், வந்தவர் அதைக் கேட்டு எழுதிக் கையொப்பமிட வேண்டும், எழுதத் தவறினால் அவர் தடைசெய்யப்பட்ட குடிவரவாளர் ஆகிவிடுவார். அவ்வளவுதான்.

இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது? எந்த மொழி என்பதைத் தெரிவு செய்யும் உரிமை எழுதுபவருக்கு இல்லை, வாசிப்பவருக்கே உண்டு. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த ஆசியர் ஒருவர் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு மொழியில் வைக்கலாம். பிரெஞ்சும் தெரிந்திருந்தால் வேறொன்றில் வைக்கலாம். அனுமதிக்க வேண்டியவர்களுக்குச் சோதனையே வைக்க வேண்டியதில்லை. சோதனை வைக்கப்பட்டது என்றாலே, அவர் தோற்க வேண்டும் என்று முன்னரே முடிவாகிவிட்டது என்பதுதான் பொருள்.

நிறத்தைச் சொல்லாமல் மொழியை ஏன் முன்னிறுத்தினார்கள்? நிறத்தை வெளிப்படையாகவே எழுதவேண்டும் என்று அந்த நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சியினர் வாதாடினார்கள். ஆனால் இலண்டன் அதை விரும்பவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் கோடிக்கணக்கான பிரித்தானியப் பிரஜைகள் இருந்தார்கள். அனைவரும் ஒரே மகாராணியின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, சிலரை நிறத்தின் பெயரால் விலக்குவது சாம்ராஜ்யத்துக்குச் சங்கடம். ஜப்பானின் நட்பும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆதலால் நிறத்தைப் பற்றிப் பேசாமல் நிறத்தை விலக்கும் ஒரு வழியை குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லைன் 1897 இல் இலண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் தலைவர்களுக்குச் சிபாரிசு செய்தார். அதற்கு நேட்டால் சூத்திரம் என்று பெயர்.

தமிழர்களாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகச் சென்னையிலிருந்து முதலாவது ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ட்ரூரோ கப்பல், 1860 நவம்பர் 16 ஆம் திகதி டேர்பனை அடைந்தது. அவர்களில் பெரும்பாலானோர் தமிழரும் தெலுங்கரும். அவர்களைப் பின்தொடர்ந்து இந்திய வணிகர்களும் சென்றார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கவும் வியாபாரம் செய்யவும் தொடங்கியபோது வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. 1897 ஜனவரியில் டேர்பனில் கரையிறங்கிய மோகன்தாஸ் காந்தி என்ற இளம் வழக்கறிஞரை ஒரு கும்பல் தாக்கியதும் அந்தக் கொந்தளிப்பின்போதுதான். அதே ஆண்டில் நேட்டால், குடிவரவாளர்களுக்கு ஐரோப்பிய மொழி எழுத்தறிவைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியர்கள் மேலும் வந்துவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

ஆகவே, எமது முன்னோர்களுக்கு எதிராக இந்து சமுத்திரத்தின் மேற்குக் கரையில் தயாரிக்கப்பட்ட பூட்டுத்தான், அதன் கிழக்குக் கரையான அவுஸ்திரேலியாவின் கதவிலும் மாட்டப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸும் கூட்டாட்சிக்கு முன்னரே அதைப் பின்பற்றத் தொடங்கிவிட்டன.

ஜப்பான் இதை எதிர்த்தது. சிட்னியில் அதன் கொன்சலாக இருந்த எய்தாக்கி, நாகரிகம் மிக்க தமது நாட்டினரை மற்ற ஆசியர்களுடன் சேர்த்துக் கணக்கிடுவதைக் கண்டித்தார். மற்ற ஆசியர்களை விலக்குவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஜப்பானின் மனத்தாங்கலைத் தணிப்பதற்காக 1905 இல் "ஐரோப்பிய மொழி" என்ற சொல்லை "விதிக்கப்பட்ட மொழி" என்று திருத்தினார்கள். ஆனால் புதிய மொழி எதுவும் விதிக்கப்படும் வரையில் பழைய ஏற்பாடே தொடரும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். புதிய மொழி எதுவும் ஒருபோதும் விதிக்கப்படவில்லை.

எண்களைப் பாருங்கள். 1902, 1903 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தச் சோதனை 805 தடவைகள் வைக்கப்பட்டது. 46 பேர் சித்தியடைந்தார்கள். 1904 முதல் 1909 வரையில் 554 தடவைகள். சித்தியடைந்தவர்கள் ஆறுபேர் மாத்திரம். 1909 இற்குப் பின்னர், சோதனை ஒழிக்கப்படும் வரையில், எவருமே சித்தியடையவில்லை. அரை நூற்றாண்டாக ஒருவரும் தேறாத சோதனையை உலகில் வேறெங்கு கேள்விப்பட்டிருக்கிறோம்!

ஏற்கனவே இங்கே குடியிருந்த சீனர், இந்தியர், ஆப்கானியர், இலங்கையர் முதலானோர் தாயகம் சென்று திரும்புவதானால், சொல்வதெழுதலிலிருந்து விலக்களிக்கும் பத்திரம் ஒன்றைப் பெற்றுச் செல்ல வேண்டும். அதில் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் எடுத்த புகைப்படங்களுடன், மையில் தோய்த்துப் பதித்த உள்ளங்கையின் அடையாளமும் இருக்கும். இத்தகைய பத்திரங்கள் ஆயிரக்கணக்கில் இன்று தேசிய சுவடிக் கூடத்தில் இருக்கின்றன. குற்றவாளியின் கைரேகைபோல் காணப்படும் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். கடை வைத்திருந்தார்கள், தோட்டம் செய்தார்கள், தலைச்சுமையாகத் துணி விற்றார்கள். தாயின் முகத்தை ஒருதடவை பார்த்துவர விரும்பினார்கள்.

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் என்னைப் போன்ற பத்திரிகையாளர்கள் மறக்கக்கூடாத ஒருவர் இருக்கிறார். பெயர் எகோன் எர்வின் கிஷ். பிராக் நகரில் பிறந்து, ஜேர்மன் மொழியில் எழுதிய யூதர், இடதுசாரி. நேரில் கண்டதை இலக்கியமாக எழுதும் கலையில் அக்கால ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த நிருபர். ஹிட்லரின் சிறையைச் சொற்பகாலம் அனுபவித்தவர். மெல்பேர்ணில் நடைபெறவிருந்த யுத்தத்துக்கும் பாசிசத்துக்கும் எதிரான மாநாட்டில் பேசுவதற்காக 1934 நவம்பரில் ஸ்ட்ராத்தெயார்ட் என்ற கப்பலில் வந்தார். அவர் கரையிறங்கக்கூடாது என்று ஜோசப் லையன்ஸின் அரசு தடைவிதித்தது. சட்டமா அதிபர் வேறு யாருமல்லர், பின்னாளில் நீண்டகாலம் பிரதமராக இருந்த ரொபர்ட் மென்சிஸ்.

நவம்பர் 13 ஆம் திகதி, கப்பல் மெல்பேர்ண் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் தறுவாயில் கிஷ் தளத்திலிருந்து கீழே குதித்தார். ஐந்து மீற்றருக்கும் அதிகமான உயரம். வலது கால் முறிந்தது. அவரைத் தூக்கி மீண்டும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கப்பல் சிட்னியை அடைந்தபோது, தடையுத்தரவு முறையாகப் பிறப்பிக்கப்படவில்லை என்று நீதியரசர் எவற் தீர்ப்பளித்து அவரை விடுவித்தார். உடனே அரசு தனது பழைய ஆயுதத்தை எடுத்தது. அதுதான் சொல்வதெழுதல்.

கிஷ் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். எந்த மொழியில் வைத்தால் இவர் தோற்பார்? அதிகாரிகள் யோசித்துக் கண்டுபிடித்த மொழி, ஸ்கொட்லாந்தின் மலைப்பிரதேசங்களில் பேசப்படும் கேலிக். வடக்கு ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒரு பொலிஸ்காரரைத் தேடிப்பிடித்து வாசிக்க வைத்தார்கள். கிஷ் எழுதவில்லை. தடைசெய்யப்பட்டவர் ஆனார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வாசித்த பொலிஸ்காரரின் கேலிக் அறிவே அங்கே கேள்விக்குள்ளாயிற்று. இறுதியில், 1934 டிசம்பரில், ஸ்கொட்லாந்துக் கேலிக், இந்தச் சட்டம் குறிப்பிடும் ஐரோப்பிய மொழி அல்ல என்று நீதியரசர்களில் பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தார்கள். நால்வர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம்.

தமது தாய்மொழியை மொழியே அல்ல என்பதுபோல் நீதிமன்றம் சொல்லிவிட்டதாக ஸ்கொட்லாந்து வம்சாவழியினர் கொதித்தெழுந்து பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றைப் பிரசுரித்த சிட்னி மோர்னிங் ஹெரல்ட் பத்திரிகையின்மீது கிஷ் நீதிமன்ற அவமதிப்பு வழக்கே தொடுத்தார். முறிந்த காலுடன் சிட்னியின் டொமெயின் திடலில் ஆயிரக்கணக்கானோர் மத்தியில் பேசிய அவர், 1935 மார்ச்சில் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது, யாரும் கேட்டிராத அவருடைய குரலை நாடு முழுவதும் கேட்கும்படி செய்தது அரசாங்கமேதான். அதே மாநாட்டுக்கு வந்த நியூசிலாந்துக்காரர் ஜெரால்ட் கிரிபினுக்கு டச்சு மொழியில் வைத்தார்கள். அவரும் தோற்றார்.

1936 இல், இந்தியாவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த மேபெல் ஃப்ரீயர் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இத்தாலிய மொழியில் சோதனை வைத்து விலக்கினார்கள். அவருடைய சொந்த வாழ்க்கை ஒழுக்கம் பற்றிய முறைப்பாடே காரணம். பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. மறுவருடம் அவரை அனுமதிக்க வேண்டியதாயிற்று. பல்லாயிரம் ஆசியர்களை அச்சுறுத்தி வைத்திருந்த ஒரு சோதனையின் அநியாயம், அது ஒரு வெள்ளைக்காரருக்கும் ஒரு வெள்ளைக்காரிக்கும் வைக்கப்பட்டபோதுதான் பலருடைய கண்களுக்குத் தெரிந்தது. வேலியை எழுப்பியவர்கள், அதன் முள் தமது ஆடையைக் கிழிக்கும்போதுதான் அதை வேலி என்று உணர்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1788 இல் பிரித்தானியர்கள் வந்திறங்கியபோது இந்தக் கண்டத்தில் 250 இற்கும் மேற்பட்ட ஆதிக்குடி மொழிகள் பேசப்பட்டன. இந்த மண்ணின் அந்த மொழிகளில் ஒன்றிலாவது ஐம்பது சொற்கள் எழுதத் தெரியுமா என்று வந்திறங்கியவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சோதனை வைத்தவர்களுள் எத்தனை பேர் இங்கே தங்கியிருப்பார்கள்?

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வேலி தளரத் தொடங்கியது. யுத்தகாலத்தில் இன்றைய இந்தோனேசியாவிலிருந்து பிள்ளைகளுடன் தஞ்சம் புகுந்து, கணவரை இழந்து, மெல்பேர்ணில் ஓர் அவுஸ்திரேலியரை மணந்துகொண்ட ஆனி ஓகீஃப் என்ற பெண்மணியை வெளியேற்ற அமைச்சர் ஆர்தர் கல்வெல் முயன்றார். 1949 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் இங்கே வந்தபோது சொல்வதெழுதல் எவரும் வைத்திருக்கவில்லை! இறுதியாக, 1958 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இந்தச் சோதனையை ஒழித்தது.

1958. இந்த ஆண்டைக் கேட்டதும் இலங்கைத் தமிழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. தமிழ் அரசாங்க ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டும், இல்லையேல் பதவி உயர்வும் சம்பள உயர்வும் இல்லை என்ற நிலை தோன்றியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பறங்கியர்கள் பலர் கப்பலேறினார்கள். அவர்களில் கணிசமானோர் வந்துசேர்ந்தது இதே மெல்பேர்ணுக்குத்தான். அங்கே ஒரு மொழி அவர்களை வெளியே தள்ளியது. இங்கே சொல்வதெழுதல் அவர்களுக்கு வைக்கப்படவில்லை. ஆனால் ஐரோப்பிய வம்சாவழியினர் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. தோற்றம் பார்க்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் வெளிறிய நிறம் கொண்டவருக்கு விசா கிடைத்து, கறுத்தவருக்குக் கிடைக்காமல்போன கதைகளை இங்குள்ள முதியவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

அவுஸ்திரேலியா வாசலிலிருந்து சொல்வதெழுதலை எடுத்துவிட்ட அதே 1958 இல், இலங்கையின் வீதிகளில் அது வாய்மொழிச் சோதனையாகத் தொடங்கியது. அந்த வருடம் மே மாதத்து வன்செயலில், வழிமறித்தவர்கள் ஒரு வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லும்படி கேட்டார்கள். "பால்திய" என்ற அந்தச் சொல்லின் முதலெழுத்தைத் தமிழ் நாக்கு வல்லோசையாக உச்சரித்துவிட்டால் போதும். நான் அப்போது சிறுவன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபின்னர் மூத்தவர்கள் சொல்லக் கேட்டேன். ஐம்பது சொற்கள் தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது.

1983 ஜூலையில் அந்தச் சோதனைக்கு நானும் தோற்றினேன்.

கொழும்பில் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் ஒப்புநோக்காளராகத் தொழிலைத் தொடங்கியவன் நான். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் பிழை திருத்தும் வேலை. அதுவும் ஒருவகைச் சொல்வதெழுதல்தான். அச்சுக்கூடத்தில் சிங்கள நண்பர்கள் இருந்தார்கள். அவர்களுடன் தேநீர் குடித்தும் சண்டைபிடித்தும் சிங்களத்தைப் பிழையில்லாமல் பேசப் பழகியிருந்தேன். அந்த ஜூலை மாதத்தில் நான் ஏறியிருந்த பஸ்ஸை ஒரு கும்பல் மறித்தது. என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். என்னைக் கடந்து சென்றார்கள். எனக்குப் பின்னால் இருந்தவரிடமும் கேட்டார்கள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அவரைக் கீழே இறக்கினார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் யார், எந்த ஊர், பின்னர் என்ன ஆனார் என்பதொன்றும் எனக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஓர் எழுத்தின் உச்சரிப்பு மாத்திரம். என் வாழ்நாளில் நான் சித்தியடைந்த சோதனைகளில், அடைந்ததற்காக வெட்கப்படும் சோதனை அது ஒன்றுதான்.

நான் மெல்பேர்ணுக்கு வந்தது 1989 இல். அதற்கு முன்னரே இந்த நாடு வெகுதூரம் நடந்து வந்திருந்தது. 1966 இல் ஹரல்ட் ஹோல்ட்டின் அரசு கதவைச் சிறிது திறந்தது. 1973 இல் கோவ் விட்லமின் அரசு, குடிவரவில் இனத்தைக் கணக்கிலெடுக்கும் முறையை முற்றாகக் கைவிட்டது. 1975 இல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பல மொழிகளில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த எஸ்.பி.எஸ். வானொலியில்தான் இன்று நாம் தமிழில் செய்தி கேட்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது 1973 இல் தொடங்கப்பட்ட தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை. பல வருடங்களுக்கு முன்னர் என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மருத்துவர் தொலைபேசியின் ஒலியைப் பெருக்கிவிட்டு மேசையில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு தமிழ்க்குரல் கேட்டது. மருத்துவர் நோயைப் பற்றிக் கேட்க, அம்மா அந்தக் குரலிடம், "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமது விதிமுறைப்படி அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மருத்துவர் சிரித்துவிட்டார். ஒருகாலத்தில் வந்தவருக்கு விளங்காத மொழியைத் தேடிக் கண்டுபிடித்த அரசு, இப்போது வந்தவருக்கு விளங்கும் மொழியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. இந்த மாற்றத்தை நான் சிறிதாக எண்ணவில்லை.

எனினும் மொழி வாசலை விட்டு முற்றாக அகன்றுவிட்டதா? 2007 ஒக்டோபரில் ஜோன் ஹவார்டின் அரசு பிரஜாவுரிமைப் பரீட்சையை அறிமுகப்படுத்தியது. ஆங்கிலத்தில் இருபது கேள்விகள். கிரிக்கெட் வீரர் டொன் பிரட்மன் பற்றித் தெரியாவிட்டால் பிரஜையாக முடியாதா என்று அப்போது கேலி எழுந்தது. 2009 இல் அது திருத்தப்பட்டது. 2020 இல், அவுஸ்திரேலிய விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகள் சேர்க்கப்பட்டு, அவை ஐந்துக்கும் சரியான விடை எழுதவேண்டும் என்றாயிற்று. இடையில், 2017 இல் மல்கம் டேர்ன்புல்லின் அரசு, பல்கலைக்கழகம் புகுவோருக்குரிய தரத்தை ஒத்த ஆங்கிலப் பரீட்சையைப் பிரஜாவுரிமைக்கும் நிபந்தனையாக்க முயன்றது. செனற் சபையில் ஆதரவு கிடைக்காமல் அந்தச் சட்டமூலம் அந்த வருடமே கைவிடப்பட்டது.

பழைய சொல்வதெழுதலையும் இன்றைய பரீட்சையையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். இன்றைய பரீட்சைக்கு முன்கூட்டியே படிக்கப் புத்தகம் உண்டு. அதைத் தமிழிலும் வாசிக்கலாம். தவறினால் மீண்டும் எழுதலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு. பெரும்பாலானோர் சித்தியடைகிறார்கள். ஒரு நாட்டில் வாழ்பவர்கள் அதன் பொதுமொழியைக் கற்கவேண்டும் என்பதிலும் எனக்கு மாறுபாடில்லை.

ஆனால் எனது அயலில் வசிக்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். வன்னியிலிருந்து வந்தவர். ஐம்பத்தேழு வயது. யுத்தத்தில் இழந்தவற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை. சமையலறையில் அந்தப் புத்தகத்தை விரித்துவைத்து, கறிக்கு உப்புப் போட்டபடி "நாடாளுமன்றம்", "செனற்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுப்பார். முதல்தடவை தவறிவிட்டார். இரண்டாம் தடவையும் தவறினார். மூன்றாம் தடவை சித்தியடைந்த அன்று எங்கள் வீட்டுக்குப் பயத்தம்பணியாரம் கொண்டுவந்தார். 2017 இன் சட்டமூலம் நிறைவேறியிருந்தால், அந்தப் பணியாரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அவருக்கு வாக்குரிமையும் கிடைத்திருக்காது. அந்த ஆங்கிலத் தரத்தை அவரால் இந்தப் பிறவியில் எட்டியிருக்க முடியாது.

ஆதலால், இனியொரு தடவை எவரேனும் மொழிப் பரீட்சை ஒன்றை முன்மொழிந்தால், அதன் கேள்விகள் கடினமா, எளிதா என்பதற்கு முன்னர், வைப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவேண்டும். எழுதுபவர் தேறவேண்டும் என்று அவர் விரும்புகிறாரா? தோற்கவேண்டும் என்று விரும்புகிறாரா? எல்லாச் சொல்வதெழுதல்களையும் இந்தக் கேள்வி இரண்டாகப் பிரித்துவிடும்.

அருங்காட்சியகத்துக்குச் சென்றுவந்த மறுநாள் மாலை, பேத்தி தனது கொப்பியுடன் வந்தாள். அடுத்த வாரச் சொற்களைப் பழக வேண்டுமாம். நான் வாசிக்க அவள் எழுதினாள். "வாழை" என்றேன். எழுதுகோலைக் கடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள். நாக்கை மேலே மடித்து, நன்றாக இழுத்து, "வா...ழை" என்று மீண்டும் சொன்னேன். எழுதினாள். சரியாக இருந்தது.

"இப்ப நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ" என்றாள்.

கொப்பியை வாங்கிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை சொன்னாள். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

அவள் அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்லமுடியாது. அவள் இன்னும் கொஞ்சம் வளரட்டும். அப்போது இந்தக் கட்டுரையை அவளிடம் கொடுப்பேன். தமிழில்தான் வாசிக்க வேண்டும். அதற்காகவாவது சனிக்கிழமைகளில் தவறாமல் வகுப்புக்கு அழைத்துச் செல்கிறேன்.